தொட்டியா, படுகையா? கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சாதனங்களின் செயல்திறன் குறித்த இங்கிலாந்து வழக்கும் 20:30 அளவுகோலின் தோற்றமும் (1895–1912)

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நகரங்கள் தம் கழிவுநீரைச் சுத்திகரிக்கச் செப்டிக் தொட்டி, தொடுபடுகை, சொட்டு வடிகட்டி ஆகியவற்றுள் எதை நம்புவது என்பதில் கடும் கருத்துவேறுபாடு நிலவியது. ஒவ்வொரு சாதனத்தையும் ஆதரித்தோர் தத்தம் சோதனை முடிவுகளைச் சான்றாக முன்வைத்தனர். 1898இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் இவ்வழக்கைத் தீர்த்தது ஏதேனும் ஒரு சாதனத்தை வென்றதாக அறிவித்ததால் அன்று. சாதனத்தை விட்டு அது வெளியேற்றும் நீரையும், அந்நீரை ஏற்கும் ஆற்றையும் அளக்கத் தொடங்கியதால்தான் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அத்தீர்வின் உயிர்நாடியாக இருந்த ஒரு நிபந்தனை, அளவுகோல் இந்தியாவுக்கு வந்த வழியில் உதிர்ந்துபோனமையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கழிவுநீர், செப்டிக் தொட்டி, சொட்டு வடிகட்டி, அரச ஆணையம், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, நீர்ப்பு

முன்னுரை

சுற்றுச்சூழல் அறிவியலைப் பாடமாகப் பயின்றோர் அனைவருக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்னும் அளவு அறிமுகமானது. கழிவுநீர் மாதிரியைக் குப்பியில் அடைத்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் சில நாள் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உட்கொண்டன என்று கணக்கிடுவது அது. இந்த அளவு எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்ற வினாவைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் அமைதியாக உருவான ஓர் அளவைப் போல அது தோற்றமளிக்கிறது. உண்மையில் அது ஒரு தகராறின் தீர்ப்பு. அத்தகராறில் நகராட்சிகளின் பெருந்தொகை, காப்புரிமை உரிமையாளர்களின் வருவாய், வேதியியலாளர்களின் நற்பெயர், ஆற்றங்கரையில் வாழ்ந்தோரின் குடிநீர் ஆகிய அனைத்தும் பணயமாக இருந்தன.

ஒரு சுத்திகரிப்புச் சாதனம் 'வேலை செய்கிறதா' என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதென்று தோன்றலாம். உள்ளே செல்லும் நீரையும் வெளியே வரும் நீரையும் ஒப்பிட்டால் போதுமே என்று கேட்கலாம். எதை ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சட்டம் கேட்ட கேள்வி

1876ஆம் ஆண்டின் ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டம் இங்கிலாந்தில் ஆற்றில் கழிவுநீர் விடுவதைக் குற்றமாக்கியது. ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு வாயிலும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. தன்னால் இயன்ற, நடைமுறைக்கு உகந்த, கிடைக்கக்கூடிய சிறந்த வழியைக் கையாண்டு கழிவுநீரைத் தீங்கற்றதாக்க முயன்றதாக மெய்ப்பிக்கும் நகராட்சி, ஏற்கெனவே இருந்த கால்வாயைப் பொறுத்தவரை, குற்றத்திலிருந்து விடுபடலாம். ஆகவே நீதிமன்றத்தில் எழுந்த வினா ஆறு எப்படி இருக்கிறது என்பதன்று. நகராட்சியிடம் எந்தச் சாதனம் இருக்கிறது என்பதே அது.

இதற்கு முன்னரே வேதியியலாளர் எட்வர்ட் ஃபிராங்க்லாந்து இடம்பெற்ற 1868ஆம் ஆண்டின் ஆறுகள் மாசு ஆணையம், வெளியேறும் நீரில் இன்னின்ன பொருள் இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று எண்களாலான வரம்புகளைப் பரிந்துரைத்திருந்தது. தொழிலதிபர்களின் எதிர்ப்பும் நாடாளுமன்றத்தின் தயக்கமும் சேர்ந்து அவ்வரம்புகளைச் சட்டத்துள் புகவிடவில்லை. எண்ணை மறுத்த சட்டம் 'சிறந்த வழி' என்ற சொற்றொடரை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் சாதனங்களைப் பற்றிய வழக்கு இத்தனை கடுமையாக வளர்ந்ததற்கு வித்து இங்கேதான் இடப்பட்டது எனலாம். எது சிறந்த சாதனம் என்று நிறுவப்படுகிறதோ, அதை வாங்கிய நகராட்சிக்கு அதுவே சட்டப் பாதுகாப்பாகவும் அமைந்துவிடும் அல்லவா?

இதனோடு நிர்வாகக் கட்டுப்பாடு ஒன்றும் சேர்ந்துகொண்டது. நகராட்சிகளின் கடனுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ளாட்சி வாரியத்திடம் இருந்தது. கழிவுநீரை எந்தச் சாதனத்தால் சுத்திகரித்தாலும், இறுதியில் அதை நிலத்தில் பாய்ச்சி மண்ணால் வடிகட்டியே ஆகவேண்டும் என்பது வாரியத்தின் பிடிவாதம். கழிவுநீர்ப் பண்ணைக்கு ஏற்ற மணற்பாங்கான நிலம் அருகில் இருந்த ஊர்களுக்கு இது இயலக்கூடியது. களிமண் நிலத்தில் அமைந்த ஊர்களுக்கும், நிலவிலை எட்டாத உயரத்தில் இருந்த லங்காஷர் தொழில் நகரங்களுக்கும் அது பெருஞ்சுமை. எனவே நிலமின்றியே வேலை செய்யும் சாதனம் என்று எவர் முன்வந்தாலும் அவருக்குச் செவிசாய்க்க நகராட்சிகள் காத்திருந்தன.

எக்ஸிடர் தொட்டி

அப்படி முன்வந்தவர்களுள் மிகுந்த புகழ் பெற்றவர் டொனால்ட் கேமரன். எக்ஸிடர் நகரின் நில அளவையாளராகவும் பொறியாளராகவும் பணியாற்றியவர். 1895இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டில் தம் நகரிலேயே மூடிய தொட்டி ஒன்றை அமைத்தார். கழிவுநீர் அதனுள் மெதுவாகச் சென்று தங்கும். காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் திடக்கசடைக் கரைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். 'செப்டிக் தொட்டி' என்ற பெயரை அதற்கு வழங்கியவரும் அவரே. இன்று நம் வீட்டுப் புறக்கடைகளில் புதைந்து கிடக்கும் தொட்டிக்கும் அப்பெயரே நிலைத்திருக்கிறது.

கருத்து முற்றிலும் புதிதன்று. பிரான்சில் லூயி மூராஸ் 1881இலேயே மூடிய தொட்டி ஒன்றை விளம்பரப்படுத்தியிருந்தார். இங்கிலாந்தில் ஸ்காட் மான்கிரீஃப் 1891இல் நுண்ணுயிர் 'வளர்ப்புத் தொட்டி' ஒன்றைக் கட்டினார். கேமரனின் தனித்தன்மை, அவர் தந்த வாக்குறுதியில் இருந்தது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுக் கழிவுநீரைத் தெளிய வைத்த நகரங்கள் அனைத்தும், அதனால் குவிந்த கசட்டு மலையை என்ன செய்வதென்று அறியாது திகைத்திருந்த காலம் அது. இலண்டன் மாநகரம் கசடைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. செப்டிக் தொட்டியோ கசடே எஞ்சாது என்றது. அதை ஆதரித்தோரின் விளம்பரங்களில் கசடு ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும் என்ற கூற்றே முன்னிலை பெற்றது.

மறுபுறம் இலண்டன் மாவட்ட மன்றத்தின் வேதியியலாளர் வில்லியம் ஜோசப் டிப்டின், கல்கரி போன்ற சிறு துண்டுகள் நிரப்பிய படுகைகளைப் பரிந்துரைத்தார். பார்க்கிங்கிலும் பின்னர் சட்டனிலும் அவர் சோதித்த இப்படுகைகளில் கழிவுநீரை நிரப்பி, சில மணி நேரம் தங்கவிட்டு, வடித்து, படுகையை ஓய்வாக விடுவார்கள். கல்லின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் ஓய்வு நேரத்தில் காற்றை உண்டு, அடுத்த நிரப்பலுக்கு ஆயத்தமாகும். இதுவே தொடுபடுகை. மூன்றாவதாக, சால்ஃபர்டு நகரின் பொறியாளர் ஜோசப் கார்பெட் போன்றோர், படுகையை நிரப்பி வடிப்பதை விட்டு, கழிவுநீரைக் கல்லின் மேல் மழைபோலத் தூவி இடைவிடாது கசியவிடும் சொட்டு வடிகட்டியை வளர்த்தெடுத்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் 1887இல் நிறுவிய ஆய்வு நிலையத்தின் முடிவுகள் இவர்கள் அனைவருக்கும் பொதுவான அடிப்படையாக இருந்தன.

மான்செஸ்டர் நகராட்சி இந்த மூன்றுக்கும் நடுவில் சிக்கியது. பால்ட்வின் லாதம், பெர்சி ஃபிராங்க்லாந்து, டபிள்யூ. எச். பெர்கின் ஆகிய மூவரை வல்லுநர்களாக அமர்த்தி 1899இல் அறிக்கை பெற்றது. முதலில் தொட்டி, பின்னர் தொடுபடுகை என்று அவர்கள் பரிந்துரைத்தனர். பரிந்துரைப்படி படுகைகள் கட்டப்பட்டன. சில ஆண்டுகளிலேயே தொடுபடுகைகளின் பொது நோய் அங்கும் தலைகாட்டியது: கற்களிடையே கசடு சேர்ந்து படுகையின் கொள்ளளவு குறைந்துகொண்டே வந்தது. கற்களை அள்ளிக் கழுவி மீண்டும் இட்டாலன்றிப் பழைய அளவு நீரை ஏற்காது. கற்களைக் கழுவும் செலவைச் சாதனத்தின் செலவில் சேர்க்கவேண்டுமா, வேண்டாமா? சாதனத்தின் ஆதரவாளர் பராமரிப்புக் குறை என்றார். வாங்கியவர் வடிவமைப்புக் குறை என்றார். நூற்றிருபது ஆண்டு கழிந்தும் சுத்திகரிப்பு நிலைய ஒப்பந்தத் தகராறுகளில் இதே இரு வாக்கியங்கள் ஒலிப்பதை அத்துறையில் பணிபுரிவோர் அறிவர்.

ஆளுக்கொரு சோதனை

வழக்கு தீராமைக்கு உண்மையான காரணம் சாதனங்களில் இல்லை. ஒவ்வொருவரும் வேறொன்றை அளந்துகொண்டிருந்தனர்.

செப்டிக் தொட்டியினர் அளந்தது கசடு. எவ்வளவு கசடு உள்ளே சென்றது, எவ்வளவு அடியில் எஞ்சியது என்பது அவர்களுடைய கணக்கு. தொட்டியிலிருந்து வெளியேறும் கருநிற நீரின் நிலை அக்கணக்கில் இடம்பெறாது. படுகையினர் அளந்தது நீரிலுள்ள கரிமப் பொருள் குறைந்த விழுக்காடு. கற்களிடையே அடைந்துகொண்ட கசடு அதில் வராது. விழுக்காட்டுக் கணக்கில் இன்னொரு மயக்கமும் உண்டு. மிகவும் அழுக்கான நீரை எழுபது விழுக்காடு தூய்மையாக்கிய சாதனம், ஓரளவு தெளிந்த நீரை ஐம்பது விழுக்காடு தூய்மையாக்கிய சாதனத்தைவிடச் சிறந்ததாகத் தோன்றும். ஆற்றுக்குச் செல்லும் அழுக்கோ முதற்சாதனத்திலிருந்தே மிகுதியாக இருக்கக்கூடும்.

ஆற்று அதிகாரிகளின் கையிலிருந்த வேதியியல் சோதனைகளும் ஒருமித்து இல்லை. மெர்சி, இர்வெல் ஆறுகளின் கூட்டுக் குழு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் நீர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனையும், ஆல்புமினாய்டு அம்மோனியா எனப்பட்ட நைட்ரஜன் அளவையும் பார்த்தது. பெர்மாங்கனேட் ஒரு வேதிப்பொருள். நுண்ணுயிரால் தொடமுடியாதவற்றையும் அது எரிக்கும், நுண்ணுயிர் எளிதில் உண்பவற்றுள் சிலவற்றை அது விட்டுவிடும். அதனால் சாயக் கழிவு கலந்த மான்செஸ்டர் நீரும் பால் கழிவு கலந்த சிற்றூர் நீரும் ஒரே எண்ணைத் தந்தாலும் ஆற்றில் ஒரே விளைவைத் தருவதில்லை. வேறு சிலர் குப்பிச் சோதனையை நம்பினர். வெளியேறும் நீரை மூடிய குப்பியில் சில நாள் வைத்து, நாற்றமெடுக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது அது. இது ஆற்றின் இயல்புக்கு நெருங்கிய சோதனைதான். ஆனால் அது 'ஆம்', 'இல்லை' என்ற இரு விடைகளையே தரும். எவ்வளவு என்று சொல்லாது.

மாதிரி எடுக்கும் நேரத்தைப் பொறுத்தும் முடிவு மாறும். காலை பத்து மணிக்கு நகரத்தின் அடர்த்தியான கழிவுநீரும், நள்ளிரவில் ஏறத்தாழ வெறும் நீரும் வரும். மழை நாளில் எந்தச் சாதனமும் நன்றாகவே வேலை செய்யும். மாதிரியை எடுப்பவர் சாதனத்தை விற்றவரின் ஆளாக இருந்தால், எந்த நேரம் உகந்த நேரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆணையத்தின் அணுகுமுறை

1898இல் இடெஸ்லி பிரபுவின் தலைமையில் கழிவுநீர் அகற்றல் குறித்த அரச ஆணையம் அமைக்கப்பட்டது. உடலியங்கியலாளர் மைக்கேல் ஃபாஸ்டர், வேதியியலாளர் வில்லியம் ராம்சே ஆகியோர் அதன் உறுப்பினர்களுள் அடங்குவர். லீட்ஸ் நகரின் சோதனைகளோடு நெருங்கிய தொடர்புடைய கர்னல் ஹார்டிங்கும் உறுப்பினராக இருந்தார். 1915 வரை பதினேழு ஆண்டுகள் நீடித்து, பத்து அறிக்கைகளை ஆணையம் வெளியிட்டது. ஓர் ஆணையம் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது அக்காலத்திலேயே எள்ளலுக்கு ஆளானது. எனினும் அந்தத் தாமதத்திற்கு ஒரு பொருள் இருந்தது என்பது என் கருத்து.

சாட்சிகளை அழைத்துக் கேட்டதோடு ஆணையம் நிற்கவில்லை. வேதியியலாளர் ஜார்ஜ் மெக்கோவன், நுண்ணுயிரியலாளர் ஏ. சி. ஹூஸ்டன் முதலியோரைக் கொண்ட தனக்கேயான அறிவியல் பணியாளர்களை அமர்த்தியது. அவர்கள் பல ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சென்று, ஒரே முறையில் மாதிரி எடுத்து, ஒரே முறையில் பகுத்தாய்ந்தனர். விற்பவரோ வாங்கியவரோ அளக்காமல், இருவரையும் சாராத மூன்றாமவர் அளக்கும் வழக்கம் கழிவுநீர்த் துறையில் வேரூன்றியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

1901இல் வெளியான இடைக்கால அறிக்கை முதல் முடிச்சை அவிழ்த்தது. களிமண், கரிமண் நிலங்கள் சில கழிவுநீர் பாய்ச்சுதற்கு ஏற்றவை அல்ல என்றும், நிலத்தின் துணையின்றிச் செயற்கைச் சாதனங்களாலேயே அழுகாத நீரைப் பெறமுடியும் என்றும் அது கூறியது. உள்ளாட்சி வாரியத்தின் நிபந்தனைக்கு அறிவியல் அடிப்படை அத்துடன் தகர்ந்தது. ஆறுகளைக் காக்க நடுவண் அதிகார அமைப்பொன்று வேண்டும் என்ற பரிந்துரையும் அவ்வறிக்கையில் உண்டு. அது நிறைவேறவில்லை.

1908: இரண்டு தீர்ப்புகள்

செப்டிக் தொட்டியைப் பற்றி 1908இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தீர்ப்பு வந்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

கேமரனின் காப்புரிமையை அமெரிக்காவில் பெற்றிருந்த நிறுவனம், தொட்டி கட்டிய ஊர்களிடமெல்லாம் உரிமைத்தொகை கேட்டது. நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊர் மறுத்தது. 1908இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் தொட்டியில் நிகழும் செயல்முறைக்கான காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பளித்தது. நகராட்சிகள் கலங்கிப்போய் ஒன்றுதிரண்டு தற்காப்புச் சங்கம் அமைத்தன. இறுதியில் 1913இல் நாக்ஸ்வில் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் காப்புரிமை முடிந்தபோதே அமெரிக்கக் காப்புரிமையும் முடிந்துவிட்டது என்று கூறிச் சிக்கலை முடித்தது. தொட்டியின் செயல்முறை எவருக்கு உரியது என்பதே நீதிமன்றங்களின் கவலை. தொட்டி வாக்களித்ததைச் செய்கிறதா என்பது அவற்றின் முன் இருந்த வினாவன்று.

அந்த வினாவுக்கு விடையளித்தது அதே 1908இல் வெளிவந்த ஆணையத்தின் ஐந்தாவது அறிக்கை. தொட்டியில் கசடு முழுவதும் கரைவதில்லை. ஒரு பகுதியே செரிக்கப்படுகிறது. எஞ்சியது அடியில் தேங்குகிறது அல்லது நீரோடு வெளியேறுகிறது. தொட்டியில் ஊறிய நீர், வெறுமனே தெளியவைத்த நீரைவிட வடிகட்டிகளில் எளிதாகத் தூய்மையாவதும் இல்லை. நோய்க்கிருமிகள் தொட்டியில் அழிவதும் இல்லை. பத்தாண்டுப் புகழ் சில பத்திகளில் உரிய அளவுக்குச் சுருங்கியது. ஆயினும் ஆணையம் தொட்டியைத் தள்ளிவைக்கவில்லை. கசடைப் படியவைக்கும் முதற்கட்டச் சாதனங்களுள் ஒன்று என்ற இடத்தை அதற்கு வழங்கியது. அந்த இடத்தில் அது இன்றும் இருக்கிறது.

தொடுபடுகைக்கும் சொட்டு வடிகட்டிக்கும் இடையிலான போட்டியிலும் ஆணையத்தின் விடை நிதானமானது. இரண்டும் நல்ல நீரைத் தரக்கூடியவை. ஆனால் ஒரே கன அளவு கல்லைக் கொண்டு, சொட்டு வடிகட்டி ஏறத்தாழ இரு மடங்கு கழிவுநீரைக் கையாளும். நிலம் குறைவான நகரத்துக்கு இந்த ஒரு தகவலே போதுமானது. தொடுபடுகைகள் அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் வழக்கொழிந்தன.

இருபதும் முப்பதும்

ஐந்தாவது அறிக்கை சாதனங்களை ஒப்பிட்டது. 1912இல் வெளியான எட்டாவது அறிக்கை சாதனங்களை ஒதுக்கிவைத்தது. இக்கட்டுரையின் மையம் இதுவே.

ஆற்றுநீர் கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது என்ற இடத்திலிருந்து ஆணையம் தொடங்கியது. பல ஆறுகளின் நீரைச் சோதித்து, 65 பாரன்ஹீட் வெப்பநிலையில் ஐந்து நாளில் அது உட்கொள்ளும் கரைந்த ஆக்சிஜனைக் கணக்கிட்டது. இன்றைய அலகில் கூறுவதாயின், லிட்டருக்கு 1 மில்லிகிராம் எடுக்கும் ஆறு மிகத் தூய்மையானது, 2 தூய்மையானது, 3 ஓரளவு தூய்மையானது, 5 ஐயத்துக்குரியது, 10 கெட்டது. டப்ளினைச் சேர்ந்த ஏடனி கரைந்த ஆக்சிஜன் குறித்து நிகழ்த்திய ஆய்வுகள் இம்முறைக்குத் துணைநின்றன. 65 பாரன்ஹீட் என்பது பிரிட்டிஷ் ஆறுகளின் கோடைக்கால வெப்பம். ஐந்து நாள் என்பது அத்தீவின் ஆற்றுநீர் கடலை அடைய எடுக்கும் நீண்ட காலம் என்ற விளக்கம் பாடநூல்களில் வழங்குகிறது. திங்களன்று ஆய்வகத்தில் வைத்த குப்பியைச் சனியன்று திறக்கவேண்டிய தலைமுறைகளுக்கு அவ்விளக்கம் ஆறுதலாக இருந்திருக்காது.

பெர்மாங்கனேட்டுக்குப் பதிலாக ஆற்றின் நுண்ணுயிர்களே இங்கே அளவுகோலாயின. முகர்ந்து பார்த்த குப்பிச் சோதனையின் இயல்பும், வேதியியல் சோதனையின் எண்ணும் ஒன்றிணைந்தன. அதன்பின் ஆணையம் செய்தது எளிய கணக்கு.

ஆற்றில் 4 என்ற அளவைத் தாண்டினால் தொல்லை தொடங்கும் எனக் கொள்வோம். மேலிருந்து வரும் ஆற்றுநீர் தூய்மையானது, அதாவது 2. கழிவுநீர் ஒரு பங்குக்கு ஆற்றுநீர் எட்டுப் பங்கு இருந்தால், சேர்ந்த ஒன்பது பங்கில் இருக்கத்தக்க மொத்தம் 36. அதில் ஆறு கொண்டுவந்தது 16. எஞ்சிய 20தான் கழிவுநீருக்கு விடப்பட்ட இடம். இருபது என்ற எண் இவ்வாறே பிறந்தது. அதனுடன், ஆற்றின் அடியில் கசடு படியாதிருக்க, தொங்கு திண்மங்கள் 30க்கு மேற்படலாகாது என்றும் சேர்க்கப்பட்டது. ஆணையம் இவற்றை லட்சம் பங்கில் 2 என்றும் 3 என்றும் எழுதியது. உலகம் 20:30 என்று நினைவில் கொண்டது.

அந்த எண்களோடு ஆணையம் ஒரு படிநிலையையும் தந்தது. கழிவுநீரைப் போல் 150 மடங்குக்கு மேல் ஆற்றுநீர் இருந்தால் தொங்கு திண்மங்கள் 60 வரை போகலாம். ஆக்சிஜன் சோதனை வேண்டியதில்லை. 300 மடங்குக்கு மேல் என்றால் 150 வரை. 500 மடங்குக்கு மேலான பேராற்றில் விடுவோருக்குப் பருப்பொருள்களை அகற்றினால் போதும். எட்டு மடங்குக்கும் குறைவாக ஆற்றுநீர் இருந்தாலோ, 20ஐவிடக் கடுமையான வரம்பு வேண்டும். ஆக, ஆணையம் பரிந்துரைத்தது ஓர் எண்ணை அன்று. கழிவுநீருக்கும் ஆற்றுக்குமான ஒரு விகிதத்தை. அவ்வரம்புக்குள் நீரை வெளியேற்றும் நகராட்சி எந்தச் சாதனத்தைப் பயன்படுத்தினாலும் குற்றமற்றது என்று சட்டத்தைத் திருத்தவேண்டும் என்றும் அது கேட்டது. 1876இன் 'சிறந்த வழி' என்ற சொற்றொடருக்கு நேரெதிரான நிலைப்பாடு இது.

நாடாளுமன்றம் அத்திருத்தத்தைச் செய்யவில்லை. ஆயினும் பொறியாளர்களும் ஆற்று அதிகாரிகளும் அவ்வெண்களைத் தாமாகவே எடுத்துக்கொண்டனர். 1951ஆம் ஆண்டின் ஆறுகள் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புதிய வெளியேற்றங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் முறை வந்தபோது, ஆற்று வாரியங்கள் வழக்கமாக எழுதியது 20:30தான். இன்னொரு விளைவும் குறிப்பிடத்தக்கது. 1914 ஏப்ரலில் மான்செஸ்டர் டேவிஹுல்ம் நிலையத்தின் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கிளர்வுறு கசடு முறையை அறிவித்தபோது, அது தொட்டியா, படுகையா, வடிகட்டியா என்ற வழக்குக்குள் நுழைய வேண்டிய தேவையே எழவில்லை. எந்த வகையிலும் சேராத புதிய சாதனம் ஒன்றை மதிப்பிட அளவுகோல் ஏற்கெனவே மேசையில் கிடந்தது.

எண் கடல் கடந்த கதை

ஆர்டெர்ன், லாக்கெட் ஆகியோரின் ஆய்வுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர், 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்னரே ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளின் செப்டிக் தொட்டிகள் வங்காளத்தில் சர்ச்சைக்கு உள்ளாகியிருந்தன. வங்காளத்தில் பணியாற்றிய கிளெமெஷா, வெப்பமண்டலத்தில் கழிவுநீர் அகற்றல் குறித்து 1910இல் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தின் வழக்கு இந்தியாவுக்குப் புதிதாக வந்து சேரவில்லை. தொடக்கத்திலிருந்தே அதன் ஒரு கிளை இங்கிருந்தது.

விடுதலைக்குப் பின் வகுக்கப்பட்ட இந்திய நெறிமுறைகளில் ஆணையத்தின் சோதனை காலநிலைக்கேற்ப மாற்றப்பட்டது. குளிரூட்டினாலன்றி நம் ஆய்வகங்களில் 20 செல்சியஸ் கிடைப்பதில்லை. 27 செல்சியஸில் மூன்று நாள் என்பது 20 செல்சியஸில் ஐந்து நாளுக்கு ஏறத்தாழ இணை என்று கொள்ளப்பட்டு, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முறையாக நிலைபெற்றது. இது அறிவார்ந்த மாற்றம். 65 பாரன்ஹீட் என்பது இயற்கை விதியன்று, ஒரு நாட்டின் கோடை என்பதை உணர்ந்து செய்யப்பட்டது. வெப்பநிலையை இவ்வாறு கவனமாக நம் நாட்டுக்கு மாற்றியவர்கள், ஆற்றை மாற்றவில்லை என்பதுதான் வியப்பு. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத்தர அட்டவணையில், உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீருக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 30, தொங்கு திண்மம் 100 என எண்கள் நிற்கின்றன. எத்தனை மடங்கு ஆற்றுநீர் என்ற நிரல் அந்த அட்டவணையில் இல்லை. விகிதமாகப் பிறந்தது வெறும் எண்ணாக வந்து சேர்ந்தது.

ஆண்டு முழுதும் ஓடும் ஆற்றை முன்வைத்துப் போடப்பட்ட கணக்கு, பருவமழை நின்ற சில மாதங்களில் மணலாகிவிடும் ஆற்றில் எப்படிப் பொருந்தும்? திருப்பூரில் நொய்யல் கரைச் சாயத் தொழில் குறித்த நெடிய வழக்கை இக்கோணத்திலிருந்தும் வாசிக்கலாம். அங்கு முதலில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுக் கழிவைத் தெளியவைப்பவை. நிறத்தையும் திண்மங்களையும் அவை குறைத்தன. சாயமேற்றப் பயன்படுத்திய உப்பு கரைந்த நிலையிலேயே ஒரத்துப்பாளையம் அணைக்கும் பாசன வயல்களுக்கும் சென்றது. சாதனம் தான் வடிவமைக்கப்பட்டதைச் செய்தது, வயல் பாழானது. எக்ஸிடரில் கசடை அளந்தவர்களும் மான்செஸ்டரில் விழுக்காட்டை அளந்தவர்களும் எதிர்கொண்ட அதே நிலை. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக்கூடாது என்ற இலக்கை ஆலைகளுக்கு விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011 ஜனவரியில், இலக்கு எட்டப்படவில்லை என்று கண்ட உயர் நீதிமன்றம் ஆலைகளை மூட ஆணையிட்டது.

சுழியம் என்ற இலக்கைத் தொழில்துறையினர் நடைமுறைக்கு ஒவ்வாத கடுமை என்றனர். உப்புக்கும் ஆக்சிஜனுக்கும் வரம்பு வேறு, கணக்கின் அமைப்பு ஒன்றே. 1912இன் கணக்கில் எட்டு என்ற இடத்தில் சுழியத்தை இட்டுப் பார்த்தால் அந்தக் கடுமையின் தோற்றுவாய் புலப்படும். ஆற்றுநீர் எட்டுப் பங்கு இருக்கையில் கழிவுநீருக்கு 20 வரை இடமுண்டு. நான்கு பங்கு என்றால் இடம் 12ஆகச் சுருங்கும். ஒரு பங்கு என்றால் 6. ஆற்றில் நீரே இல்லையெனில் கழிவுநீர்தான் ஆறு. ஆற்றுக்குரிய 4 என்ற வரம்பு அப்போது குழாயின் வாயிலேயே பொருந்தவேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் நகரச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 10 என்ற அளவை வற்புறுத்தியது. இடெஸ்லி ஆணையத்தின் கணக்கில் அது, கழிவுநீர் ஒரு பங்குக்கு ஆற்றுநீர் மூன்று பங்கு இருக்கும் ஆற்றுக்கு உரிய எண்.